செல்வராசு அண்ணனின் மிச்சக் குரல்

வீட்டு ரூம்ல மைக் வெச்சு ரெக்கார்டிங் பண்றவனுக்குப் பாட்டு வருதோ இல்லையோ, டிஸ்க்ல இடம் இல்லைங்கற செய்தி மட்டும் தவறாம வந்துடும். அதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போன என் ஜாதிக்காரங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். எனக்குப் பெரம்பலூர். காதுகுத்து, திருவிழா, சாவுன்னு ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டிப் போடற அறிவிப்புதான் எனக்குச் சோறு.

அமுக்கப் போன பட்டன்

சாவு அறிவிப்புன்னா சுத்துப்பட்டுல செட்டிகுளம் செல்வராசு அண்ணன் குரல்தான். மூஞ்சி தெரியாதவங்களுக்கும் அந்தக் குரல் தெரியும். தெருவுல கேட்டா, யாரு போயிட்டாங்களோன்னு அடுப்பை அணைச்சுட்டு வாசலுக்கு வருவாங்க. ஆனா மனுசன் லேசுல திருப்தி ஆகமாட்டாரு. செத்தவங்க பேரு சரியா விழற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுவாரு. அதுல ஒண்ணுதான் அறிவிப்புக்குப் போகும், மிச்சமெல்லாம் டிஸ்க்ல கெடக்கும்.

பயன்படாத ஃபைலை எல்லாம் மொத்தமா அழிக்க சாஃப்ட்வேர்ல ஒரு பட்டன் இருக்குல்ல, ஒருநாள் அதை அமுக்கப் போனேன். பக்கத்துல இருந்த அண்ணன் கையைப் புடிச்சுட்டாரு. "இருக்கட்டும் தம்பி. செத்தவங்க பேரு அது, குப்பைன்னு தள்ளாதீங்க."

தொண்டை

அப்புறம் அவருக்குத் தொண்டையில புத்துநோய். திருச்சியில ஆபரேஷன் பண்ணாங்க. உசுரு வந்துச்சு, குரல் போயிடுச்சு. வெறும் காத்துதான் வரும். அவருக்கு வேற பொழப்பும் தெரியாது.

கீழப்பழுவூர்ல இருந்து ஒருத்தரு, அம்மா அஞ்சலை தவறிட்டாங்க, செல்வராசு குரல்லதான் வேணும்னு வந்து நின்னாரு. மிச்ச ஃபைலை எல்லாம் தொறந்தேன். ஒண்ணுல இருந்து 'இன்று மாலை', இன்னொண்ணுல இருந்து 'நல்லடக்கம்', எப்பவோ செத்த வேற ஒரு அஞ்சலையோட பேருன்னு வெட்டி ஒட்டினேன். சத்தியமா வித்தியாசமே தெரியல. குரல் போன சங்கதியை நாங்க வெளிய சொல்லல, சொன்னா அவருக்கு வேலை ஏது? ஸ்பீக்கர்ல ஓடறப்போ அண்ணன் கூடவே உதட்டை அசைச்சாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. என் காதுகிட்ட வந்து காத்தாட்டம் சொன்னாரு: "நான் பேசாமலே பேசறேன் பாருங்க."

என் பாட்டு

வாங்கின வெளி டிஸ்க்கும் ரொம்பிடுச்சு. புது வேலை எடுக்க இடமில்லை. அண்ணன் ஃபைல்ல கை வெச்சா அவரு பொழப்புல கை வெச்ச மாதிரி. அதனால நான் சொந்தமா மெட்டுப் போட்டுப் பாடி வெச்சிருந்ததை எல்லாம் அழிச்சேன். அரியலூர்ல இதே தொழில் பண்ற முருகேசன் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் கேட்டான். "நீ பாடகன் ஆவணும்னுதானடா இந்த ரூமையே போட்ட?"

கடைசி அறிவிப்பு

போன தையில அண்ணன் போயிட்டாரு. அவரு சம்சாரம் வந்து, இத்தனை ஊரு சாவைச் சொன்ன மனுசனுக்கு நாலு ஊரு சனம் வந்து நிக்கணும், அவரு குரல்லயே சொல்லிடுங்கன்னு அழுதாங்க. ஒட்டிக் கொடுத்தேன். செல்வராசுங்கற பேரு நம்ம பக்கம் தெருவுக்கு ஒண்ணு, அதனால அதுவும் மிச்சத்துல கெடைச்சுச்சு. ரஞ்சன்குடி வரைக்கும் வண்டி போச்சு.

சாயங்காலம் வரைக்கும் பார்த்தோம். உள்ளூர் சனத்தைத் தவிர ஒருத்தரும் வரல. போட்ட நாற்காலி அப்படியே கெடந்துச்சு. அந்தம்மா ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பொழுது சாஞ்சதும் தூக்கிட்டோம்.

கொஞ்ச நாள் கழிச்சு ரஞ்சன்குடிக்காரர் ஒருத்தரு அவங்கப்பா சாவுக்கு அறிவிப்புக் கேட்டு வந்தாரு. செல்வராசு அண்ணனைக் கூப்பிடுங்கன்னாரு. அவரு தவறிட்டாருங்கன்னேன். அப்படியே படியில உக்காந்துட்டாரு. "வண்டி வந்துச்சே சார், அவரேதான சொல்லிட்டுப் போனாரு? வேற யாரோ செல்வராசுன்னுல்ல நெனச்சு நாங்க யாரும் வராம இருந்துட்டோம்."

டிஸ்க்ல எதை வெச்சுக்கணும் எதை அழிக்கணும்னு சொல்லித்தர யூடியூப்ல ஆயிரம் பேரு இருக்காங்க, எதை ஒட்டக்கூடாதுன்னு சொல்லத்தான் ஒருத்தனும் இல்லைங்க.