அடுத்தமாசத்தார் தைத்த சட்டை

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவர் பெயரைப் பலகையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட முழிப்பார். 'அடுத்தமாசத்தார் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் கைநீட்டிக் காட்டுவார்கள். வண்டி ஓட்டிக் காட்ட வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேரிடம் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அடுத்த மாசம் வாங்க." கோபமாகச் சொல்ல மாட்டார், சிரித்தும் சொல்ல மாட்டார். அட்டையில் செருகிய தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் அவர் அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் அவர் பெற்ற ஒரே மகளும் உண்டு. சின்ன அலுவலகம், வேறு ஆய்வாளர் கிடையாது. முதல் தடவை கண்ணாடி பார்க்கவில்லை, சரி. இரண்டாம் தடவை சிக்னல் போட மறந்தாள், அதுவும் சரி. மூன்றாம் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது ஓரத்தில் வைத்திருந்த கூம்பு ஒன்று ஆடியது. விழவில்லை ஐயா, ஆடியது. காற்றுக்குக்கூட ஆடியிருக்கலாம். நம்முடைய ஆள் பெருக்கல் குறி போட்டார். போட்டதோடு விடவில்லை, பெற்ற மகளை யாரோ எவரோ போலப் பார்த்து, "அடுத்த மாசம் வாங்க" என்று மரியாதைப் பன்மையில் வேறு சொன்னார். நேர்மைக்குத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று ஒரு நினைப்பு.

அவள் அடுத்த மாசம் வரவில்லை. கல்யாணமான பிறகு பக்கத்து ஊர் அலுவலகத்துக்குப் போய் முதல் தடவையே உரிமம் வாங்கினாள். பிறகு ஒரு சிவப்புக் கார் வாங்கினாள். அப்பா வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான் குடியிருந்தாள். வருவாள், பேசுவாள், சாப்பிடுவாள், அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவாள். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அப்பாவைப் பார்த்து "ஏறுங்கப்பா" என்று சொன்னதில்லை. அம்மாவும் மகளும் காரில் போன இடத்துக்கு அவர் பஸ்ஸில் போய்ச் சேருவார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை. கேட்டால் கௌரவம் தேய்ந்துவிடும் அல்லவா?

ஊசியும் நூலும் அவர் கைக்கு வந்த கதை இன்னும் கேவலம். ஒருநாள் காலை சட்டைப் பொத்தான் தெறித்து விழுந்தது. மனைவி தையல் மெஷினில் திரைச்சீலை அடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "கை இருக்குல்ல, தைச்சுக்குங்க" என்றாள். தைத்தார். பொத்தானோடு சேர்ந்து பொத்தான் துளையும் அடைபட்டுப் போனது. ஆனாலும் அந்த வேலை அவருக்குப் பிடித்துவிட்டது. இடது பக்கம் திருப்பு என்றால் வலது பக்கம் திருப்புகிற ஜனங்களையே முப்பத்தொரு வருஷமாகப் பார்த்தவர். குத்தின இடத்தில் போய்க் குத்தின இடத்தில் வருகிற ஒரு நூலைக் கண்டதும் மனசு குளிர்ந்துவிட்டது.

முதலில் தலையணை உறை ஒன்று ஆரம்பித்தார். ஒரு பக்கத் தையலே போய்க்கொண்டே இருந்தது. பாதி வழியில் இறங்கிக்கொண்டார். கைக்குட்டை தைத்தார். அப்புறம்தான் குழந்தைச் சட்டைக்கு வந்து சேர்ந்தார். பொறுமைசாலி என்று யாரும் ஏமாற வேண்டாம். ஒரு சாண் தைத்தால் ஒரு பக்கம் முடிந்துவிடும், அந்தச் சோம்பேறித்தனம்தான். மெஷினில் தைத்தால் சீக்கிரம் முடியுமே என்று ஒருநாள் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். "லைசென்ஸ் இருக்கா?" என்றாள் மனைவி. எழுந்து வந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு ஐந்து மாசம் என்று தெரிந்தது. அவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். பிறக்கப்போகிற பிள்ளை தன் கையால் தைத்த ஒரு சட்டையைப் போட வேண்டும். அதைப் பார்த்து மகள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஏறுங்கப்பா" என்று சொல்ல வேண்டும். ஆசை அவ்வளவுதான். வாயைத் திறந்து 'தப்புப் பண்ணிட்டேம்மா' என்றால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம். அதற்கு அவர் இரண்டு மீட்டர் துணியும் ஒரு பெட்டி ஊசியும் வாங்கினார்.

வீட்டில் தைத்தால் மனைவி சிரிப்பாள் என்று தேர்வு மைதானத்துக்குக் கொண்டுபோனார். தகரக் கொட்டகையில் நாற்காலி, மடியில் துணி, துணிக்கு மேல் கோப்பு. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் நாலு தையல். யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். ஒருநாள் கழுத்துப் பட்டியைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அடுத்தவர்" என்று கம்பீரமாக எழுந்தார். கோப்பு கீழே விழுந்தது. சட்டை விழவில்லை. மஞ்சள் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், இரண்டு குட்டிக் கைகளையும் விரித்துக்கொண்டு அவர் தொடையில் தொங்கியது. அதைப் பேன்ட்டோடு சேர்த்துத் தைத்திருந்தார், ஒன்பது தையல், ஒன்றுவிடாமல் கெட்டியாக.

மைதானத்தில் நாற்பது பேர் நின்றார்கள். அவர் இழுத்தார், வரவில்லை. மறுபடி இழுத்தார், பேன்ட் கூடவே வந்தது. ஐந்தாம் முறையாகத் தேர்வுக்கு வந்திருந்த ஒரு மளிகைக்கடைக்காரர் பணிவாகக் கேட்டார்:

"சார், அதையும் ரிவர்ஸ்லதான் எடுக்கணுமா?"

அப்புறம் அந்த மைதானம் சிரித்த சிரிப்பை எழுத முடியாது. நம்முடைய ஆள் முகத்தில் ஈயாடவில்லை. தொடையில் சட்டையோடுதான் அன்றைக்கு மீதிப் பதினாறு பேரையும் பார்த்து முடித்தார். அவர்களில் பதினோரு பேர் தேறினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செய்தி சாயங்காலத்துக்குள் மூன்று தெரு தாண்டிவிட்டது. மறுநாள் மகள் வந்தாள். எட்டு மாச வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊரே சொல்லுது. எங்க, காட்டுங்க."

அவர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தட்டிலிருந்த ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்துக் கழுத்து வழியாக விட்டுப் பார்த்தாள். பழம் போகவில்லை.

"பழமே போகல. பிள்ளை தலை எப்படிப்பா போகும்? பட்டன் வேற வச்சிருக்கீங்க, பிடுங்கி வாயில போட்டுக்கவா?"

"கழுத்து லேசாத்தாம்மா சின்னது."

"கூம்புகூட லேசாத்தான் ஆடுச்சு" என்றாள் அவள். சட்டையை மடித்து அவர் பக்கமாக நகர்த்தினாள். "அடுத்த மாசம் பாக்கலாம்."

சமையலறையில் மனைவி இருமினாள். அது இருமல் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பிள்ளை பிறந்தது. பெண். இரண்டாவது சட்டையில் அவர் பொத்தானை ஒழித்துக்கட்டினார். முன்பக்கம் முழுதும் திறந்து நாடா வைத்தார், கழுத்தில் நீல நூலால் சின்னச் சின்னதாக ஓரம் கட்டினார், தானே நாலு தடவை தூரத்தில் வைத்துப் பார்த்து ரசித்தார். மகள் வாங்கினாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அவள் கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"வெளிய பாக்க நல்லாத்தான் இருக்குப்பா. உள்ளதான் குத்துது."

இந்தத் தடவை கேலி இல்லை, குத்தல் இல்லை. இருப்பதைச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் ஒரு கடை ஓரமாக நின்று, சட்டையை உள்வெளியாகத் திருப்பிக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தார். முடிச்சும் பிசிறும் பிறாண்டின. அவள் சட்டையைத்தான் சொன்னாள், சந்தேகமே இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயசில் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, 'அப்பா' என்று வாயெடுத்து, 'வாங்க' என்ற சொல்லைக் கேட்டு அப்படியே வாயை மூடிக்கொண்ட முகம் அவருக்கு அன்றைக்குத்தான் முழுசாக ஞாபகம் வந்தது. தெருவில், குழந்தைச் சட்டையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் வெட்கப்பட்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உள்ள குத்தாம எப்படித் தைக்கிறது?" என்று கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் பாடம் கேட்டது அதுவே முதல் தடவை. அவள் சிரிக்கவில்லை.

"பிசிறை மடிப்புக்குள்ள வச்சு மூடிடணும். மடிப்பும் முடிச்சும் வெளிப்பக்கம் வரட்டும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். பிள்ளை மேல படுற பக்கம் வழவழன்னு இருந்தா போதும்."

பார்க்க அசிங்கமாக இருக்கட்டும் என்பது அவருக்குக் கசப்பு மருந்துதான். இருந்தாலும் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட தன் பழைய வெள்ளைச் சட்டை ஒன்றை வெட்டினார். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை தைத்தார். தைத்துத் தைத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். நெருடின இடத்தைப் பிரித்தார். முடித்து நிமிர்ந்தபோது அது உள்வெளி மாற்றிப் போட்ட சட்டை மாதிரி இருந்தது. இவ்வளவு கோரமான ஒன்றை அவர் அதுவரை தைத்ததில்லை.

மகள் அதை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "வச்சுட்டுப் போங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். முடிவுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு முப்பத்தொரு வருஷம் கழித்துத் தெரிந்தது. நாலாம் நாள் காலையில் போன் வந்தது.

"அப்பா, பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகணும். அவருக்கு லீவு இல்ல, அம்மாவுக்கு முட்டி வலி. நீங்க வர்றீங்களா? நான் வந்து கூப்பிட்டுக்கிறேன்."

அவர் வாசலில் போய் நின்றபோது கார் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

சிவப்புக் கார் வந்து நின்றது. "ஏறுங்கப்பா. பெல்ட் போட்டுக்குங்க" என்றாள். பின்சீட்டில், குழந்தைக்கான குட்டி இருக்கையில், பேத்தி அந்தக் கோரமான வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டாள். அவர் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். முதல் திருப்பத்தில் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. காலைச் சீட்டுக்கடியில் ஒளித்துக்கொண்டார்.

கிளினிக் வாசலில் இரண்டு வேன்களுக்கு நடுவில்தான் இடம் இருந்தது. கூம்பு வைத்தால்கூட இவ்வளவு நெருக்கமாக வைக்க மாட்டார்கள். அவள் ரிவர்ஸ் கியர் போட்டாள். அந்த நேரம் பார்த்துப் பேத்தி தூக்கத்தில் கையை நீட்டி, சட்டை நாடாவையும் அவர் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சட்டை லேசாக விலகியது. உள்ளே வயிற்றில் ஒரு சிவப்புத் தடம் இல்லை, ஒரு கீறல் இல்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றது. மகள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்.

"என்னப்பா, பாஸா?"

"நான் பாக்கலம்மா. இவளைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்." பேத்தியின் பிடியிலிருந்து விரலை உருவாமலே சொன்னார். "அன்னைக்குக் கூம்பு விழலம்மா. நீ பாஸ்தான். நான்தான் தப்பாப் போட்டேன்."

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"அடுத்த ஊசி அடுத்த மாசம்ப்பா. அடுத்த மாசமும் வாங்க."

"சரிம்மா" என்று சொல்லி அவர் அவசரமாக எழுந்தார். பாதியில் ஏதோ பிடித்து இழுத்து மறுபடி உட்கார வைத்தது. பேன்ட்டோடு எதையாவது தைத்துத் தொலைத்தோமோ என்று தொடையைத் தடவிப் பார்த்தார். இல்லை, பெல்ட்டைக் கழற்ற மறந்திருந்தார்.