சக்கரவர்த்தி இறங்கும் காட்சி

சாந்தகுமாரி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவர் மேல் இல்லை, ஆக்லாந்தில் நாங்கள் நடத்திய அந்தச் சின்னத் தமிழ்ச் சங்கத்தின் மேல். அக்கா மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஹில்ஸ்பரோவில் வீடு. எந்த விழா என்றாலும் அவர் கையால் செய்த நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, வேண்டும். மேடை மட்டும் அவருக்குக் கிடையாது. ஒருமுறை பேச இடம் கேட்டார். "நீங்கள் சமையலைப் பாருங்கோ, அது போதும்" என்றார் தலைவர் கதிர்காமநாதன். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். தேர்தல் வைக்கலாமே என்று கேட்டவர்கள் எல்லாம் சங்கத்தை விட்டே போய்விட்டார்கள்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிறு மதியம், சங்க விழாவில் போட வேண்டிய தமிழ்ப் பட வீடியோ கேசட் வந்து சேரவில்லை. அக்கா தன்னிடமிருந்த சீனப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு சக்கரவர்த்தியின் வீழ்ச்சிக் கதை. பேச்சு முழுக்கக் கான்டனீஸ். "நான் மைக் பிடிச்சுத் தமிழ்ல சொல்றேன், விடுங்க" என்றார். ஈப்போவில் சீனக் கடைகளுக்கு மேலே குடியிருந்து பழகிய மொழி அது. வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

என்னமாய்ச் சொன்னார். சக்கரவர்த்தி அதட்டினால் அக்காவும் அதட்டினார். ராணி முணுமுணுத்தால் மைக்கை உதட்டோடு வைத்து முணுமுணுத்தார். ஓடித் திரிந்த பிள்ளைகள்கூட தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மகுடத்தைக் கழற்றச் சொல்லி மந்திரிகள் வந்து நிற்கும் இடம் வந்தது. சக்கரவர்த்தி வாயைத் திறக்கப் போகிறார்.

"தங்கச்சி, ஒருக்கா நிப்பாட்டுங்கோ." தலைவர் டிவியை மறைத்துக்கொண்டு நின்றார். "பிரதம விருந்தினர் வெளிக்கிடப் போறார். பொன்னாடை போர்த்த வேணும்."

"ஐயா, இன்னும் கொஞ்சம்தான். முடிச்சிடறேன்."

"படம் எங்கயும் ஓடிப் போகாது."

மைக்கை வாங்கினார் என்று எழுத மாட்டேன், பிடுங்கினார். விருந்தினருக்கு ஒரு பொன்னாடை. விருந்தினர் கையால் தலைவருக்கு ஒரு பொன்னாடை. அந்த இரண்டாவதைத் தலைவரே வீட்டிலிருந்து மடித்து எடுத்துவந்திருந்தார். பிறகு தலைவர் உரை. விருந்தினர் காரேறிப் போன பிறகும் உரை. எனக்கு வயிறு எரிந்தது. அதற்கும் கை தட்டிய ஜென்மங்களை நினைத்தால் இன்றும் எரிகிறது. கடைசியில் மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் வந்து, பூட்ட வேண்டும், நாற்காலிகளை அடுக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கேசட்டை வெளியே எடுத்தார். நாங்கள் அடுக்கத் தொடங்கினோம். தலைவர் மட்டும் பொன்னாடையும் மைக்குமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எங்களோடு நாற்காலி தூக்கிக்கொண்டிருந்த கல்யாணி கேட்டாள்: "அக்கா, கடைசில ராஜா என்னதான் சொன்னாரு?"

"நான் இல்லாம இந்த நாடு என்ன ஆகும்னு கேட்டாரு."

"அதுக்கு?"

"ஒருத்தரும் பதில் சொல்லல. அவங்கவங்க வேலையைப் பார்த்தாங்க."

சொல்லிவிட்டு அக்கா நேரே தலைவர் முன்னால் போய் நின்றார்.

"எழுந்திரிங்க ஐயா. நாற்காலியை அடுக்கணும்."

தலைவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் எங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே இருந்தோம். அவர் எழுந்தார். அக்கா அந்த நாற்காலியைத் தூக்கி மற்றவற்றின் மேல் போட்டார். பிறகு கையை நீட்டினார்.

"மைக்கையும் குடுங்க."