அரைவாசி வீட்டில் ஒன்பது காட்சி

ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடம். எங்களுக்குத் தந்த வேலை அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்துக்காக நான் பட்ட ஆத்திரத்தை வைத்து மூன்று மணித்தியாலப் படம் எடுக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருந்தால் கலியாணப் பேச்சு வந்து உட்கார்ந்துவிடும் என்று தெரிந்து, கல்முனையில் ஒரு நிலையம் நடத்திய ஆறு மாத வீடியோ வகுப்பில் சேர்ந்திருந்தேன். முப்பது பேருக்கு ஒரே ஒரு கமெரா. படிப்பித்தவர் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு சேர். கடைசி மாதம் எங்களை நாலு நாலு பேராகப் பிரித்தார். காதலோ, சிரிப்போ, சண்டையோ, திகிலோ, ஒரு வகையைத் தெரிவு செய்ய வேண்டும். அந்த வகைப் படங்கள் எப்படித் தொடங்குகின்றன என்று பார்த்து எழுத வேண்டும். பிறகு திட்டம். அதன் பிறகுதான் கமெராவைத் தொடலாம். சுடும் துவக்குக் காட்டக் கூடாது, படை உடுப்புக் காட்டக் கூடாது என்று இரண்டு நிபந்தனையும் போட்டார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் குழுவில் நானும், மருதமுனையிலிருந்து வரும் என் கூட்டாளியும், இரண்டு பொடியன்களும். பொடியன்களில் ஒருவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, ஆகவே அவன் தலைவன். வேறு தகுதி எதையும் நான் காணவில்லை. அவனுடைய யோசனை இது: மோட்டார் சைக்கிள் வரும், தூசி பறக்கும், சில்லைக் காட்டுவோம், சப்பாத்தைக் காட்டுவோம், கடைசியில் முகம். ஆருடைய முகம் என்று கேட்டேன்.

"என்டதான்" என்றான்.

நான் திகில் என்றேன். எழுத்து வேலை முழுவதையும் நானே செய்வதாகச் சொன்னதும் உடனே சம்மதித்துவிட்டான். எழுத்து வேலை என்றால் அது பொம்பிளைப் பிள்ளைகளுடைய வேலை என்று அவனுக்கு ஒரு நிம்மதி.

கசட் கடைக்காரர் எனக்குக் குடும்பப் படம் தரப் பார்த்தார். சண்டை பிடித்துத்தான் திகில் படம் வாங்கினேன். வீடியோ டெக் இருந்தது மாமி வீட்டில். வாப்பாவின் கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்திலும் முதல் இரண்டு நிமிடம் பார்ப்பேன், நிற்பாட்டுவேன், பின்னால் ஓட்டுவேன், திரும்பப் பார்ப்பேன். எத்தனை முறை காட்சி மாறுகிறது, எத்தனையாவது செக்கனில் சத்தம் வருகிறது, எல்லாம் கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். மாமியின் பிள்ளைகள் முழுப்படம் பார்க்கலாம் என்ற ஆசையில் வந்து குந்தியிருந்து, நாலாவது கசட்டிலும் நான் இரண்டு நிமிடத்தில் நிற்பாட்டியதும் அழத் தொடங்கினார்கள். மாமி என்னைப் பார்த்து, "படிச்சிப் படிச்சி உனக்குத் தலையில காத்துப் பிடிச்சிருக்கு புள்ள" என்றார்.

பதினொரு படம் பார்த்தேன். பதினொன்றும் இரவில் தொடங்கின. மழை, காற்று, ஆடும் ஜன்னல், ஊளையிடும் நாய். எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எங்களூர் நாய்கள் எல்லா இரவும் ஊளையிடுகின்றன. பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு நான் வேலிக் கடப்படி தாண்ட முடியாது. எங்களிடம் ஒரு லைட்டும் இல்லை. இந்த இரவெல்லாம் ஆருடைய இரவு?

அதனால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருப் பெண்களிடம் போனேன். உங்களுக்கு எதற்குப் பயம் என்று கேட்டேன். புளியமரத்து ஜின்னைச் சொன்னார்கள், கிணற்றடியில் தெரிந்த வெள்ளை உருவத்தைச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய பயத்தை வைத்து நான் என்ன செய்ய?

பதில் ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. உம்மா குசினி வாசலில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். ஜும்ஆத் தொழுகை நேரம், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரு வசனத்தின் நடுவில் அது நின்றது. உம்மா சட்டியை அப்படியே வைத்துவிட்டு ஈரக்கையோடு கடப்படிக்குப் போனார். நான் பின்னால் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் கடப்படியில் நின்றார். எதிர் வீட்டிலும் ஒருவர். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. பள்ளிப் பக்கம் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் தலை குனிந்து இருக்கும் நேரம் அது. அந்த வருடங்களில், அப்படித் தலை குனிந்து இருந்தவர்கள் பள்ளிக்குள்ளேயே சுடப்பட்டுத் திரும்பி வராத ஊர்களை எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஜெனரேட்டர் உறுமியது. குரல் திரும்ப வந்தது. உம்மா, "கரண்ட்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அரிசிக்குத் திரும்பினார்.

கொப்பியில் எழுதினேன்: பேய்ப் படத்தில் வரப்போவது என்னவென்று தெரியாது. திகிலில் அது எல்லாருக்கும் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது.

கூட்டாளியிடம் சொன்னேன். மருதமுனையில் வெள்ளிக்கிழமைப் பகல் ஆம்பிளைகள் பள்ளிக்குப் போய்த் தறிச் சத்தம் நின்றதும் தன் உம்மாவும் வேலை ஒன்றும் ஓடாமல் இருப்பார் என்றாள். "அத எடுப்பம்" என்றாள். அன்றே ஒன்பது காட்சி எழுதினோம். ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாள். தூரத்தில் ஒலிபெருக்கி. அது நிற்கிறது. கயிறு கையில் நிற்கிறது. கதவு போடாத வாசல், ஜன்னல் போடாத ஓட்டை, அதற்குள்ளால் ஒருவரும் இல்லாத றோட்டு. கடைசியில் கடப்புக் கதவு கொஞ்சம் அசைகிறது. பட்டப்பகல். துவக்கு இல்லை, உடுப்பு இல்லை.

இடம் என்னுடைய வீடு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் சாய்ந்தமருதுத் தெருக்களில் அப்போது கூரையில்லாமல் நின்ற வீடுகளில் அரைவாசி, வளர்ந்துகொண்டிருந்த ஏதோ ஒரு பெண் பிள்ளைக்காக நின்றவை. என்னுடையது எங்கள் பின்வளவில், தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டு, நாலு வருடமாக ஜன்னல் மட்டத்தைத் தாண்டி ஒரு சாண் கூட உயராமல் நின்றது. நான் கோப்பை உடைத்தால், "உன்ட ஊட்டுக்குப் போய் உடை" என்பார்கள். மேசன்மாருக்குத் தேத்தண்ணி கொண்டு போனால், "புள்ளட ஊடு, புள்ளயே பாத்து வேல வாங்கட்டும்" என்பார்கள். பத்தொன்பது வயது வரைக்கும் அது என்னுடைய வீடு. ஒரே ஒரு பகல், ஒரு மணித்தியாலம் தேவை என்று கேட்ட அன்றைக்கு அது என்னுடைய வீடு இல்லை.

வாப்பா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். கல்முனைக் கடையில் துணி விரித்துக் காட்டும் அதே குரலில் விளங்கப்படுத்தினார். பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், பேய்ப் படம் எடுத்த வீட்டுக்கு ஆர் வருவார், நல்ல காரியம் நடக்க வேண்டிய இடம். பேய் இல்லை வாப்பா, திகில் என்றேன். ரெண்டும் ஒண்டுதான் என்றார். என் கொப்பியை நீட்டினேன். மேலட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

இதை விடப் பெரிய ஆத்திரம் அடுத்த வகுப்பில் காத்திருந்தது. தலைவன் இரண்டு நாளுக்கு முதலே வாப்பாவின் கடைக்குப் போய், கவலைப்பட வேண்டாம் மாமா, நாங்க பாத்துக்குவோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். புதிய திட்டமும் அவனிடம் தயாராக இருந்தது. இடம், கடற்கரை றோட்டு. முதல் காட்சி, மோட்டார் சைக்கிள்.

"உங்கட வாப்பாட மரியாதையையும் பாக்கணுமே" என்றான். என் வாப்பாவின் மரியாதையை அவன் சில்லுக்குள் கட்டி ஓட்டப்போகிறான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சேரிடம் ஒரு பத்திரம் இருந்தது. படம் எடுக்கும் இடத்தைப் பற்றி எழுதி, கீழே உரிமையாளர் கையெழுத்து வாங்க வேண்டும். அன்று வீட்டுக்கு வந்ததும் உம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். காணி உறுதிப் பத்திரம் அடித்தட்டில், கலியாணச் சேலைக்குக் கீழே இருந்தது. வளவும் அதில் கட்டப்படும் வீடும் என் பேருக்கு எழுதப்பட்டிருந்தன. எழுதியபோது எனக்கு ஏழு வயது. இதை ஆரும் எனக்கு ஒளிக்கவில்லை. ஆரும் எனக்கு வாசித்துக் காட்டவும் இல்லை.

பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு ஜும்ஆவுக்காகப் பதினொன்றரைக்கே முடியும். பொடியன்கள் போய்விட்டார்கள். சேர் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பத்திரத்தை நீட்டினேன்.

"உரிமையாளர் ஆரு?"

"நான்தான் சேர்."

என்னைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். திட்டத்தை ஒன்பதாவது காட்சி வரை வாசித்தார். பார்சலைத் திரும்ப மூடிவிட்டு எழும்பி அலுமாரித் திறப்புக் கொத்தை எடுத்தார்.

"ரெண்டு மணிக்குக் கமெரா இந்த மேசையில இருக்கணும்" என்றார்.

வழியில் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். கலியாண வீடு என்றோம். உடனே விட்டுவிட்டார்கள். கமெரா வைத்திருக்கும் பெண்ணுக்குக் கலியாணத்தைத் தவிர வேறு என்ன இருக்கப் போகிறது?

பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தெரு காலியானது. கூட்டாளி கிணற்றடியில் நின்றாள், நான் செங்கல் அடுக்கி அதன் மேல் கமெராவை வைத்தேன். வாளி, கயிறு, கை. ஜன்னல் ஓட்டை. காலி றோட்டு. வெயில் மண்ணில் பட்டுக் கண்ணைக் குத்தியது, எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான். ஐந்தாவது காட்சி முடிந்தபோது திரும்பிப் பார்த்தேன், உம்மா வந்து நின்றார். முக்காட்டைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். தலைவனுக்கும் வாப்பாவுக்கும் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் அவருக்குச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நான் எங்க நிக்கிற?" என்றார் உம்மா.

கூட்டாளிதான் வாசலைக் காட்டினாள். முகம் வராது, முதுகுதான் வரும் என்றேன். என்ன செய்யணும் என்று கேட்டார்.

"ஒண்டும் செய்ய வேணாம் உம்மா. பள்ளிப் பக்கம் காது குடுங்க."

நின்றார். கதவு இல்லாத வாசலில், தூணைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சரித்து. கூட்டாளிக்கு நான் இரண்டு நாள் பழக்கியும் வராத நிற்பு அது. கமெரா ஓடிக்கொண்டிருந்தது, நான் நிற்பாட்ட மறந்துவிட்டேன்.

ஆறு காட்சிதான் முடிந்தது. தொழுகை முடிந்து செருப்புச் சத்தம் தெருவுக்குள் வரும்போது உம்மா குசினியில் இருந்தார், நாங்கள் பையோடு பஸ் நிற்கும் இடத்தில் இருந்தோம்.

வகுப்பில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தைச் சேர் நாங்கள் எழுதிய இடத்திலேயே வெட்டியிருந்தார். வெட்டிய இடத்தில் பின்வரிசைப் பெண்கள் மூன்று பேர் ஒன்றாக நிமிர்ந்ததை நான் கண்டேன். அது போதும். தலைவனுக்குப் போதவில்லை. தன்னைக் கேட்காமல் குழுவின் பேரில் எடுத்தது எப்படி என்று பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரே வாப்பாவின் கடைக்குப் போனான்.

அன்று வாப்பா சாப்பிடாமல் பத்திரத்தை மேசையில் விரித்தார்.

"நீ எப்ப உரிமையாளரான?"

"ஏழு வயசில. நீங்கதான் எழுதினீங்க."

வாப்பா பத்திரத்தை நாலாக மடித்தார். பிறகு சொன்னார்: "உறுதி எழுதினது நீ கையெழுத்துப் போடுறத்துக்கில்ல."

எத்தனையோ வசனம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. இதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு கெடுதியும் இருக்கவில்லை, அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

நாலு வருடமாக நின்ற வேலை அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. சீமெந்து வந்தது, மேசன்மார் வந்தார்கள், கூரைக்கு முதலே முன்வாசலுக்குக் கதவு வந்தது. மேலே வானம், கீழே கதவு. கதவில் ஒரு பெரிய ஆமைப்பூட்டு. திறப்பை வாப்பா உம்மாவிடம் கொடுத்து வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆம்பிளைகள் பள்ளிக்குப் போன பிறகு, உம்மா திறப்பைக் கொண்டு வந்து என் கொப்பியின் மேல் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். மூன்று காட்சி மிச்சம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான் திறப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிழமையில் ஒரு மணித்தியாலம், ஆம்பிளைகள் இல்லாத நேரம் பார்த்து, ஒளித்துக்கொண்டு நுழைவதற்கா எனக்கு ஒரு வீடு? உம்மாவின் மேலும் கோபம் வந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது. திறப்பைத் தொடவில்லை.

அடுத்த நாள் காலை வாப்பா முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். கூட்டாளி கமெராப் பையோடு கடப்படியில் நின்றாள். சேர் அரை நாளுக்குத் தந்திருந்தார். நான் திறப்பை எடுத்து, அது அவருடைய கண்ணில் படும்படி கையில் பிடித்துக்கொண்டு, வாப்பாவுக்கு முன்னாலேயே நடந்து பின்வளவுக்குப் போனேன். காற்றடிக்கும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்தேன்.