மூன்று கரண்டி வேப்பெண்ணெயும் முள்ளிக்குளமும்

மாசி மாதத்துப் புதன்கிழமை. காலை ஆறு பத்துக்குப் பரந்தன் சந்தியில் பூநகரி பஸ்ஸில் ஏறினேன். தோளில் மாற்றுடுப்போடு ஒரு பை. மன்னாருக்குப் பயணம் போகிறவர்கள் மடு மாதா கோயிலுக்குப் போவார்கள், கேதீச்சரத்துக்குப் போவார்கள். நான் ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குப் போனேன், அதுவும் யாரும் கூப்பிடாமல்.

முள்ளிக்குளத்தில் இருக்கும் ரீற்றா அக்கா என் பெரியம்மாவின் மகள். கணவர் கடலுக்குப் போகிறவர். அக்கா வீட்டோடு கால் ஏக்கர் மிளகாய் வைத்திருக்கிறார். போன போகம் கடை மருந்தை அடித்துவிட்டு வாந்தியும் மயக்கமுமாக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், இம்முறை இலைகளில் வெள்ளை ஈ மொய்த்ததும் என்னைக் கேட்டார். என் தோட்டத்தில் நான்கு வருடமாக வேப்பெண்ணெய்தான் அடிக்கிறேன். அதைப் பற்றிக் கேட்காதவர்களையும் பிடித்து வைத்துச் சொல்கிற வியாதி எனக்கு உண்டு. பத்து லீற்றர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கப் பாக்களவு சவுக்காரம், வெயில் தணிந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும் என்று தொலைபேசியில் பெரிய விற்பன்னன் போல ஓதினேன்.

செவ்வாய் இரவு அக்கா மிகுந்த சந்தோஷத்தோடு தொலைபேசி எடுத்தார். முந்தாநாள் இரண்டு வரிசைக்கு அடித்துப் பார்த்தாராம், ஈ போய்விட்டதாம். "இலை விளிம்பு கொஞ்சம் கருகின மாதிரிக் கிடக்கு. மருந்து நல்லா வேலை செய்யுது போல. பக்கத்துத் தோட்டக்காரர் மூண்டு பேரும் நாளைக்கு அடிக்கப் போகினம். உன்ர பேரைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறன்."

வேப்பெண்ணெய் இலையைக் கருக்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, ஏதோ பிழையாகிவிட்டது என்றுதான் அர்த்தம். வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை எடுத்தும் கிடைக்கவில்லை. நான்கு குடும்பத்தின் மிளகாய் என் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் மாலை நான்கு மணிக்கு முன் தொடங்கமாட்டார்கள், அதற்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஏழே காலுக்குப் பூநகரியில் இறங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மன்னார் பஸ்ஸைப் பிடித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் முசலியில் நெல் செய்கிறவர். கதை கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் என் விஷயம் முழுவதையும் வாங்கிவிட்டார்.

"வேப்பெண்ணெயோ? எங்கட பக்கத்துப் பூச்சி அதைத் தலையில தேய்ச்சுக் குளிக்கும் தம்பி" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "எண்ணெய் கூடிப்போச்சோ?"

"மூண்டு கரண்டிதான் சொன்னனான்."

"கரண்டி எண்டா எந்தக் கரண்டி? எங்கட வீட்டில சோறு போடுறதும் கரண்டிதான்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் வெள்ளாங்குளம் தாண்டும்வரை அக்காவின் அகப்பையை நினைத்து வியர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்குப் பாலத்தைக் கடந்து மன்னார் நகரம். இரண்டு பக்கமும் வற்றிய கடல், தூரத்தில் காற்றாலைகள், பஸ் நிலையத்தில் யாருக்கும் வழிவிடாத கழுதைகள். சிலாவத்துறை பஸ் பதினொன்றரைக்குத்தான் என்று நேரக் காப்பாளர் சொன்னார். ஒன்றே முக்கால் மணித்தியாலம்! உப்புக்குளம் பக்கமாக ஒரு கடையில் ஐம்பது ரூபாய்க்குத் தேநீர் வாங்கி ஆறவிட்டேன். அக்காவின் இலக்கத்தைப் பதினான்கு தடவை அழுத்தினேன். வேறு நாளென்றால் கோட்டையையும் பெருக்க மரத்தையும் பார்த்து உங்களுக்கு விவரமாக எழுதியிருப்பேன். அன்று நான் பார்த்தது கடையின் சுவர்க் கடிகாரத்தை மட்டும்தான்.

வந்த வழியே மீண்டும் பாலத்தைக் கடந்து, வங்காலை, அரிப்பு என்று நின்று நின்று, பஸ் ஒரு மணிக்குச் சிலாவத்துறையை அடைந்தது. அங்கிருந்து முள்ளிக்குளம் இருபது கிலோமீற்றர் மட்டில் வரும். ஓட்டோக்காரர் இரண்டாயிரத்தைந்நூறு கேட்டார். பேரம் பேசாமல் ஏறியதைக் கண்டு அவரே பயந்துவிட்டார்.

"செத்த வீடோ அண்ணை?"

"இல்லை, மிளகாய்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. கொண்டச்சி தாண்டியதும் வெயில் வெள்ளையாக எரிந்தது. மண் ஓரங்களில் உப்புப் பூத்துக் கிடந்தது. அதைக் கண்ணால் கண்டும் என் மண்டையில் ஏறவில்லை.

ஒன்றே முக்காலுக்கு அக்காவின் படலையைத் திறந்தேன். "தம்பி! சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறாய்!" என்று ஓடிவந்த அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "அவையள் அடிச்சிட்டினமோ?"

"சூசையண்ணை மட்டும் அடிச்சிட்டார். பின்னேரம் தொழிலுக்குப் போக வேணுமெண்டு பதினொரு மணிக்கே தொடங்கி இப்பதான் முடிச்சவர்."

கடல் தொழில் செய்கிறவருக்கு மாலை நான்கு மணி என்பது வள்ளம் இறக்குகிற நேரம் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போனது? உச்சி வெயிலில் எண்ணெய்! நான் பையை எறிந்துவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடினேன்.

சூசையண்ணை தெளிகருவியை முதுகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். கறுத்த, திடகாத்திரமான மனிதர். நான் யார் என்று தெரிந்ததும் எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்களோ அந்தத் தம்பி? பெரிய உதவி. போன முறை ரீற்றா ஆஸ்பத்திரியில கிடந்ததைப் பார்த்த பிறகு எங்கட மனிசி எனக்கு மருந்துப் போத்தலைத் தொட விடேல்லை."

அவர் கலந்த வாளியை எட்டிப் பார்த்தேன். அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது, அதற்குக் கீழே திரைந்த பால் போல வெள்ளைத் துகள்கள். எண்ணெய் கலக்கவே இல்லை. பின்னாலேயே ஓடிவந்து நின்ற அக்காவிடம் திரும்பினேன்.

"அக்கா, எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணிதான். வேற எது? சவுக்காரம் நுரைக்கேல்லை, அதால ஒரு கை சவுக்காரத்தூளும் போட்டனாங்கள். எங்கட தண்ணிக்கு எப்பவும் ரெண்டு மடங்கு போட வேணும். உடுப்புத் தோய்க்கிறதும் அப்பிடித்தானே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கரையோரக் கிணறுகள் உவர். மிளகாய் குடிக்கும், மனிதர் குடிக்க முடியாது. குடிதண்ணீர் செவ்வாயும் வெள்ளியும் பவுசர் என்கிற தண்ணீர் லொறியில் வருகிறது, வீட்டுக்கு இரண்டு கலன். அதை யாரும் பயிருக்கு ஊற்றமாட்டார்கள். உவர் நீரில் சவுக்காரம் திரைந்துபோகும், எண்ணெயைப் பிடித்து வைக்காது. நான் என் வீட்டில் கலப்பது இரணைமடு வாய்க்கால் தண்ணீர். பத்து லீற்றர் தண்ணீர் என்று சொன்னவன், எந்தத் தண்ணீர் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இரண்டு தம்ளர்களில் கிணற்றுத் தண்ணீரையும் பவுசர் தண்ணீரையும் எடுத்து, துளி எண்ணெயும் சீவிய சவுக்காரமும் போட்டுக் கலக்கிக் காட்டினேன். ஒன்றில் எண்ணெய் மேலே வந்து நின்றது. மற்றது மோர் போல வெளுத்தது. சூசையண்ணை இரண்டையும் பார்த்தார். பிறகு தன் தோட்டத்தைப் பார்த்தார். பூவும் பிஞ்சுமாக நின்ற கன்றுகளின் இலைகள் வெயிலில் பளபளத்தன.

"இப்ப என்ன செய்யலாம்?"

"கருக முதல் கழுவ வேணும் அண்ணை. நல்ல தண்ணியால. கிணத்துத் தண்ணிக்கு எண்ணெய் போகாது, உப்பும் இலையில தங்கும்."

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவருடைய மனைவி ஜெசிந்தா வாசலில் நின்றார். "குடிக்கிறதுக்கு?" என்றார்.

"வெள்ளிக்கிழமை பவுசர் வரும்" என்று அக்காதான் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்த் தன் இரண்டு கலன்களையும் இழுத்து வந்தார். ஜெசிந்தாவும் உள்ளே போனார். இரண்டு கலன்களோடு திரும்பினார். இன்னும் அடிக்காத மற்ற இரண்டு வீட்டுக்காரரும் விஷயம் கேட்டு ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். அன்று சூசையண்ணை கடலுக்குப் போகவில்லை. தெளிகருவியைச் சுத்தமாக அலசி, அவரும் நானும் மாறி மாறி முதுகில் போட்டு இலை இலையாகக் கழுவினோம். ஆறு கலனும் தீர்ந்தபோது தோட்டத்தில் பாதிதான் முடிந்திருந்தது. மற்றப் பாதிக்குத் தண்ணீர் இல்லை.

பொழுதுபட ஜெசிந்தா கிணற்றுத் தண்ணீரில் தேநீர் ஊற்றித் தந்தார். சீனி போட்ட கடல். எல்லோரும் அதைக் குடித்தார்கள், நானும் குடித்தேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒருவராவது ஏசியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

வியாழன் காலை ஆறு மணிக்கு முன்னரே எழும்பி வேலியைத் தாண்டினேன். சூசையண்ணை ஏற்கெனவே வரிசைகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். கழுவிய பாதி அசையாமல் பச்சையாக நின்றது. கழுவாத பாதியில் இலை விளிம்புகள் பழுப்பாகி, பூக்கள் நிலத்தில் கொட்டிக் கிடந்தன. ஒரு வரிசை வரை பச்சை, அடுத்த வரிசையிலிருந்து பழுப்பு. எங்கே தண்ணீர் முடிந்தது என்று கோடு கீறிக் காட்டியதுபோல் இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றேன்.

அவர் உதிர்ந்த பூக்களைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார். "கன்று சாகேல்லை. திரும்பத் துளிர்க்கும். ஆனா ஈ திரும்ப வரும் என்ன?"

"ஓம். ஒரு கிழமையில வரும்."

"அப்ப திரும்ப அடிக்கத்தானே வேணும்."

ஏழரைக்குச் சிலாவத்துறைப் பக்கம் போகும் மீன் வாகனம் ஒன்றில் எனக்கு இடம் பிடித்துத் தந்ததும் அவர்தான். என் தோட்டத்தில் மடையைத் திறந்தால் வாய்க்கால் தண்ணீர் கேட்ட அளவு கொட்டும். அந்தத் தண்ணீரில்தான் நான் கெட்டிக்காரன். இந்த நான்கு வருடத்தில் நான் படித்ததாக நினைத்ததெல்லாம் என் வளவு வேலிக்குள் மட்டும் உண்மை. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் தொலைபேசியில் விதைத்திருக்கிறேன். வேறு யார் யாருக்குச் சொன்னேன் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

வாகனம் புறப்படும்போது சூசையண்ணை யன்னலோரம் வந்தார். உதிர்ந்த பூக்கள் சில இன்னும் அவர் கையில் ஒட்டியிருந்தன.

"தம்பி, அடுத்த முறை போனில சொல்லாதேங்கோ. வந்து, எங்கட தண்ணியைத் தொட்டுப் பார்த்துப்போட்டுச் சொல்லுங்கோ."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வருகிற புதன்கிழமை வருகிறேன் என்று சொன்னேன்.