எதிர்வீட்டில் வைத்த நிலா

பூமிக்கும் நிலாவுக்கும் நடுவில் முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாம் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகப் படத்தில் இரண்டும் எங்கள் தாராவி வீடுகளைப் போல ஒட்டிக்கொண்டுதானே இருந்தன! கால்பந்தைப் பூமியாகவும் டென்னிஸ் பந்தை நிலாவாகவும் வைத்து வீட்டில் அளந்து பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களை எழுதி வரச் சொன்னார்.

வாப்பாவுக்குத் தோல் பை தைக்கும் வேலை. கழிவுத் தோலில் கால்பந்தின் அகலத்துக்கு ஒரு வார் வெட்டிக்கொண்டு, பூமியை உள்சுவரோரம் வைத்து அளந்தேன். பதினாலாவது வாரில் எங்கள் வீடே முடிந்துவிட்டது. பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவள் வானத்துக்கு ஆசைப்படக் கூடாது. சந்து ஆறு வாரை விழுங்கியது. மிச்சம் பத்து எதிர்வீட்டுக்குள் போக வேண்டும்.

வந்தது வினை. எதிர்வீடு பெரியவாப்பாவுடையது. சேர்ந்து நடத்திய பட்டறையைப் பிரித்ததில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று, பெருநாளைக்குக்கூட ஸலாம் இல்லை. அந்தப் படி ஏறினால் காலை ஒடிப்பேன் என்று வாப்பா எனக்குச் சொல்லியிருந்தார். "தப்பு அவரு பேர்ல, அவரே வந்து பேசட்டும்" என்பார். ஆனால் தினமும் அந்த வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார்.

நெருளில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தோம். மதியம் வாப்பா லுஹர் தொழப் போன நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவைத் தள்ளினேன். பூட்டில்லை.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஃபேனைக் கழற்றியிருந்தார்கள். தண்ணீர் டிரம்மைக் காணோம். தையல் மெஷினின் கால்கள் அழுத்திய இடமெல்லாம் தரையில் குழிகள். தூசியில் செருப்புத் தடங்கள் அப்படியே இருந்தன. "பெரியும்மா" என்று கூப்பிட்டேன். காற்றில்லை, தண்ணீரில்லை, சத்தமில்லை, குழிகள் உண்டு, பதிந்த தடம் அழியாது என்று டீச்சர் சொன்ன நிலா இதேதான். எழுதுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டதே என்று கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன்.

எங்களுடையதைவிடச் சின்ன வீடு; முப்பதாவது வார் பின்சுவர் அலமாரியில் முடிந்தது. அங்கே எங்கள் வீட்டுப் பீங்கான் கிண்ணம் இருந்தது. சண்டைக்கு முன்னால் உம்மா வட்டிலாப்பம் என்ற இனிப்பைக் கொடுத்தனுப்பியது. உறவுக்காரர் வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பாள் உம்மா. நிறையச் சீனி போட்டு மூடியிருந்தார்கள். நிலாவை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

வாப்பா வந்துகொண்டிருந்தார். வீடு காலி என்றதும், என் காலை ஒடிப்பதாகச் சொன்னவர் எனக்கு முன்னால் அந்தப் படியில் ஏறினார். அறை நடுவில் போய் நின்றார். வாஷிக்குக் குடிபோய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்று சொன்னாள். வாப்பா குனிந்து மெஷின் குழியில் விரலை வைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாவளே."

பின்னாலேயே வந்த உம்மா கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "சொல்லாமலா போனாவ? கிண்ணத்த வெறுமனே வச்சிட்டுப் போகலியே" என்று அழுதாள்.

சீனிக்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நிலாவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நிலாவில் ஆளே கிடையாது என்று அன்றைக்கு நோட்டில் எழுதினேன். கிண்ணத்தை விட்டுவிட்டுப் போனதையும் கதவைப் பூட்டாமல் போனதையும் பெரியும்மாவின் மறதி என்றே ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன்.