பக்கத்து அறையில் காபி

கைகள் இரண்டும் காபிக்கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தன. பொடியாக்கவில்லை, உடைக்க மட்டும்தான் செய்தன. கொட்டையைத் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போர்த்தி, மர உருளையை அதிகம் அழுத்தாமல் உருட்டினால் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும், மிஞ்சினால் மூன்றாக. அதற்கு மேல் போனால் பியரில் வண்டல் இறங்கும், கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு கிளம்பவே கிளம்பாது. வலது கை உருட்டியது. இடது கை துணியின் மேல் தடவித் தடவி, உடையாமல் தப்பித்த கொட்டைகளைத் தேடிப் பிடித்தது. பிறகு இரண்டும் சேர்ந்து எல்லாவற்றையும் மெல்லிய துணிப்பையில் கொட்டி, வாயை இழுத்துக் கட்டின.

பையைக் கட்டியதும் உள்ளங்கைகளைக் குவித்து மூக்கருகே கொண்டுபோவது அந்தக் கைகளின் பழக்கம். இன்று பாதி வழி போய், நின்று, திரும்பி வந்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டன.

கைகளுக்குச் சொந்தக்காரியை அந்தச் சின்ன பியர் ஆலையில் எல்லோரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டில் கழுவும் வேலைக்கு வந்தவள். திரும்பி வரும் காலி பாட்டில்களைக் கழுவும் முன் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பாள். ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்பாள். ஒருநாள், மூடியே திறக்காத ஒரு தொட்டியைக் கடந்து போகையில் நின்று, "இது புளிக்கப் போகுது சார்" என்றாள். முதலாளி சிரித்தார். அடுத்த வாரம் அந்தத் தொட்டியைச் சாக்கடையில் திறந்துவிடும்போது அவர் சிரிக்கவில்லை. பாட்டில் தொட்டியிலிருந்து பியர்த் தொட்டிக்கு அவள் வந்து சேர்ந்த கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாகக் கற்றது. முளைகட்டிய பார்லியான மால்ட் எந்த வறுவலில் ரொட்டியாக மணக்கும், எந்த வறுவலில் சாக்லேட்டாகும், அதைத் தாண்டினால் எப்போது கரியாகும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். குளிர் தொடங்கும்போது இறக்கும் காபி ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் முழுக்க முழுக்க அவளுடைய சரக்கு. கன்னங்கரேலென்று, தேன்போல் கனத்து, பழுப்பு நுரையோடு கண்ணாடி டம்ளரில் ஏறும். அதற்காகவே குளிரை எதிர்பார்க்கிறவர்கள் ஊரில் இருந்தார்கள்.

மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. சோப்பு மணக்கவில்லை, மண் மணக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துச் சில வாசனைகள் திரும்பின. புதினா திரும்பியது. எலுமிச்சை பாதி திரும்பியது. காபிதான் முகம் மாறித் திரும்பியது. டயர் எரிகிற நாற்றம். முதல் தடவை அடுப்படியில் அது வந்தபோது, ஏதோ வயர் கருகுகிறது என்று ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்தாள். அங்கே கணவர் கையில் கப்போடு இருட்டில் நின்றுகொண்டிருந்தார்.

ஆலையில் அவள் மூச்சு விடவில்லை. நாக்கு இருக்கிறதே, அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தாள். கசப்பு, இனிப்பு, புளிப்பு, கனம் எல்லாம் நாக்குக்குத் தெரியும். மிச்சமெல்லாம் மூக்கின் வேலை என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் என்ன செய்வார்? துரத்தமாட்டார். மறுபடி பாட்டில் கழுவச் சொல்வார், அதையும் மரியாதையாகச் சொல்வார். அந்த மரியாதைதான் அவளுக்கு வேண்டாம்.

ஆகவே ஒரு மூக்கைக் கடன் வாங்கினாள்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர்கள் பழக்கமானதே அந்தப் பேருந்தில்தான். "ஆலை ஸ்டாப்புல பிரேக் போட்டாலே பஸ்ஸுக்குள்ள ரொட்டி வாசனை ஏறுது, யாருன்னு பாத்தா நீங்க" என்று அந்தக் காலத்தில் அவளிடம் சொன்னவர். பியரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் குடிப்பதும் இல்லை. காலையில் டெப்போவில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். சாயங்காலம் அவள் சின்ன பாட்டிலில் கொண்டுவருவதை முகர்ந்து, வாயில் ஒரு சுற்று சுற்றி, கிண்ணத்தில் துப்பிவிட்டுத் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்வார். அந்த பாஷை முழுக்கப் பேருந்துதான்.

"யாரோ வாழைப்பழம் உரிக்கிறாங்க" என்றார், கோதுமை பியருக்கு.

"எந்த சீட்டுல?"

"கடைசி சீட்டு. ஜன்னலோரம்."

"நடு சீட்டு இல்லியே?"

"கடைசின்னா கடைசி."

"அப்ப சரி. நடு சீட்டுக்கு வந்தா சொல்லுங்க, ஈஸ்ட்டு சூடாயிருச்சுன்னு அர்த்தம்."

காபி சேர்க்காத ஸ்டவுட்டை முகர்ந்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "சாக்லேட்டு இல்ல. சாக்லேட்டைச் சுத்தின தாளு. பையன் தின்னுட்டு இறங்கிட்டான், தாளு மட்டும் சீட்டுல கெடக்கு." அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. காய்ச்சலுக்கு முன் அவள் முகர்ந்தது அச்சு அசலாக அதுதான்.

காபிப் பையை அவள் எப்போதும் முதலில் சின்னப் பீப்பாயில் ஊறவைத்துப் பார்ப்பாள். அது சரியாக வந்தால்தான் பெரிய தொட்டி. வழக்கமாக ஓர் இரவும் அரைப் பகலும் ஊறும், நடுவில் பலமுறை முகர்ந்து பார்த்து, மூக்கு சொன்னதும் எடுத்துவிடுவாள். இந்த முறை சொல்ல மூக்கு இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவிட்டாள். எடுத்தபோது நாக்குக்குக் கசப்பு சரியாகவே இருந்தது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவர் முகர்ந்தார். வாயில் சுற்றினார். துப்பினார்.

"நல்லா இருக்கு" என்றார். "காபி நல்லா வருது. ரொம்ப அருமை."

அவள் அவரையே பார்த்தாள். "எந்த சீட்டு?"

"என்னது?"

"காபி எந்த சீட்டுலருந்து வருதுன்னு கேக்குறேன்."

"எல்லா சீட்டுலருந்தும்தான்."

"ஓ, பஸ்ஸே நெறஞ்சு வருதோ? படிக்கட்டுல யாரும் தொங்கலியா?"

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். கழுவி முடித்த கிண்ணத்தை மறுபடியும் கழுவினார்.

"பொய் சொல்லத் தெரியலைன்னா சொல்லவே கூடாதுங்க."

"நீ மட்டும்?" என்றார், திரும்பாமலே. "பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதியே அன்னைக்கு, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? இன்ஜின் சத்தத்துலயே பின்னாடி யாரு சண்டை போடுறாங்கன்னு கேக்கும் எனக்கு. இது நல்லா இல்லைன்னு எந்த வாயால உங்கிட்டச் சொல்றது?"

அவள் எழுந்து வந்து குழாயை மூடினாள்.

"எனக்கு ஆறுதல் சொல்ல எத்தனையோ பேர் கெடைப்பாங்க. மூக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

அவர் கையைத் துடைத்தார். பாட்டிலில் மிச்சமிருந்ததை மறுபடி முகர்ந்தார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு.

"குடைமிளகா" என்றார். "பச்சை. வெட்டி முடிச்சுக் கழுவாமப் போட்ட பலகை. காபி இருக்கு, இல்லேன்னு சொல்லல. அந்தப் பலகை மேல கொட்டின காபி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. "அதிகமா ஊறிடுச்சு. அதான். கொட்டையிலருந்து பச்சை இறங்கிடுச்சு." பிறகு சிரிப்பு நின்றது. "நாளன்னைக்கு மத்தியானம் முதலாளி தொட்டியைத் திறந்து பாக்க வர்றாரு. பெரிய தொட்டிக்கு நாளைக்கு ராத்திரி பை போட்டாத்தான் முடியும்."

"நாளன்னைக்கு லீவு போட்டுர்றேன்."

"உங்களுக்கு ஏது லீவு?"

"மாமியாருக்கு உடம்பு சரியில்லன்னு சொல்றேன்."

"எங்கம்மாவை ஏன் இழுக்குறீங்க?"

"சரி, மூக்குக்கு உடம்பு சரியில்லன்னு சொல்றேன். அது நெஜம்தானே." நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஆனா எது சரியான வாசனைன்னு எனக்கு எப்படித் தெரியும்? பஸ் எங்க நிக்கணும்னு தெரிஞ்சாத்தானே பிரேக்கு போட முடியும்?"

அவள் யோசித்தாள். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூக்கே பார்த்துக்கொண்டது.

"காலைல நீங்க காபி போடுவீங்கல்ல."

"இப்பத்தான் போடுறதில்லையே."

"முன்ன. அப்ப நான் எந்திரிச்சே இருக்கமாட்டேன். கதவு சாத்தியிருக்கும். பக்கத்து ரூம்ல நீங்க சுடுதண்ணி ஊத்துவீங்க. நான் கப்பைப் பாக்கல, கையில வாங்கல. ஆனா காபி வருதுன்னு தெரியும். அந்த வாசனைதான் வேணும். கையில வாங்கினப்புறம் வர்றது வேற. அது வந்து சேர்ந்த வாசனை. எனக்கு வந்துட்டே இருக்குற வாசனை வேணும்."

அவர் தலையாட்டினார்.

"டெப்போல காபி குடிக்கிறீங்கல்ல?" என்று கேட்டாள்.

"கொப்பளிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன்."

"தெரியும். புதினா மட்டும் எனக்குச் சரியா வருதே."

குறித்த நாளில் கணவர் காலையிலேயே ஆலைக்கு வந்துவிட்டார். முந்தைய இரவு அவள் பெரிய தொட்டியில் பையை இறக்கியிருந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள். பீப்பாய் கழுவுகிறவர் வாளியோடு வந்து நின்று பார்த்தார்.

"என்ன மூக்கு, வீட்டுல காவல் காக்குறது பத்தலைன்னு இங்கயும் கூட்டிட்டு வந்துட்டியா?"

"தொட்டிக்குக் கண்ணு பட்டுடாம இருக்கத்தாண்ணே."

"இவரைப் பாத்தா திருஷ்டி பொம்மை மாதிரிதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் குழாயைத் திருகி ஒரு மிடறளவு பிடித்துக் கொடுத்தாள். அவர் முகர்ந்து, சுற்றி, வாளியில் துப்பினார்.

"காபி இன்னும் தெருவுக்கே வரல."

மறுபடி வேலைக்குப் போனாள். தரை கழுவினாள், மூட்டை அடுக்கினாள், வந்தாள்.

"மாடிப்படி ஏறுது."

அடுத்த முறை வந்தபோது அவர் பெட்டியின் நுனிக்கு நகர்ந்திருந்தார். "வீட்டுக்குள்ள வந்தாச்சு. ஆனா பக்கத்து ரூம் இல்ல. அதுக்கும் அடுத்த ரூம்."

"நம்ம வீட்டுல மூணு ரூம் ஏது?"

"வாசனைக்கு இருக்கு. நீ போ."

அவள் போகவில்லை. பையைக் கட்டிய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டியின் ஏணியிலேயே நின்றாள். கீழே அவர் தானே குழாயைத் திருகிக்கொண்டார். முகர்ந்தார். வாயில் வைத்தார். துப்ப மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். சட்டென்று நினைவு வந்தவர்போல் துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"கதவு சாத்தியிருக்கு" என்றார். "நீ தூங்குற. எடு. இப்பவே எடு, கதவைத் திறந்துறப் போறாங்க."

கயிற்றை இழுத்தாள். பை கறுப்பாகச் சொட்டிக்கொண்டே மேலே வந்தது. அதிலிருந்து டயர் நாற்றம் குப்பென்று அடித்தது. முகத்தைத் திருப்பாமல் வாளியில் போட்டாள்.

மத்தியானம் முதலாளி வந்தார். பெட்டியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினாள். நுரை அடங்கக் காத்திருந்து மிச்சத்தை ஊற்றினாள். முதலாளி கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"குடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார். காய்ச்சல் வந்ததுலருந்து எனக்கு வாசனை தெரியல. காபி சுத்தமாத் தெரியல. இதை எடுன்னு சொன்னது இவரு. என் வீட்டுக்காரர்."

நீட்டிய கை அப்படியே நின்றது. "வாசனை தெரியாமத்தான் இவ்வளவு நாள் என் தொட்டியில கை வெச்சியா?"

"ஆமா சார்."

"அந்தக் கோதுமை பியரு?"

"அதுவும் இவருதான்."

"அதைக் குடிச்சுட்டு ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரே!"

"அந்தக் குலுக்கல் எனக்கு வரவேண்டியது சார்" என்றார் ஓட்டுநர், பெட்டியிலிருந்து எழுந்து.

முதலாளி சிரிக்கவில்லை. டம்ளரை அவள் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தார். ஒரு மிடறு. வெளியே யாரோ பீப்பாய் உருட்டினார்கள். அவள் ஏப்ரன் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். முதலாளி இன்னொரு மிடறு குடித்தார். அடுத்தது மிடறாக இல்லை. காலி டம்ளரோடு திரும்பினார்.

"எங்கிட்ட மறைச்சது தப்பு" என்றார். "அது தப்புதான். இனிமே உன் தொட்டியை நானும் வந்து முகர்ந்து பாப்பேன், ஒத்துக்கிட்டியா?" அவள் தலையாட்டினாள். அவர் ஓட்டுநரைப் பார்த்தார். "அடுத்த தொட்டிக்கும் உங்களுக்கு லீவு குடுப்பாங்களா?"

"மாமியாருக்கு உடம்பு அடிக்கடி சரியில்லாமப் போகும் சார்."

அவள் இன்னொரு டம்ளரை எடுத்தாள். கழுவியதையே ஒருமுறை அலசினாள். சாய்த்துப் பிடித்து, அவசரமில்லாமல் ஊற்றினாள். கறுப்பு ஏறியது, அதன் மேல் பழுப்பு நுரை ஏறி, விளிம்பைத் தொட்டு நின்றது. கணவர் வழக்கம்போல் வாளியைக் காலால் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவள் அதைத் தன் காலால் தள்ளிவிட்டாள்.

"இன்னைக்கு லீவுதானே" என்றாள். "துப்ப வேணாம்." இரண்டு கைகளாலும் டம்ளரை அவரிடம் கொடுத்தாள்.