மெதுவாக வந்த கப்பல்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் டவர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஐந்தாவது மாடியில் இரண்டு ரேடியோ, மூன்று திரை, ஒரு பைனாகுலர், ஒரு கால் ஆடும் நாற்காலி. இவற்றோடு பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியிருந்தாள். வருகிற கப்பல்களிடம், "உள்ளே இடமில்லை, வெளியே நங்கூரம் போட்டு நில்லுங்கள்" என்று சொல்வதுதான் வேலை. தூக்கத்திலும் அதையே சொல்கிறாள் என்றார் அவள் கணவர். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், பொய் சொல்கிற ஆள் இல்லை.

அவர்கள் வீடு கடலைப் பார்த்த மேட்டில் இருந்தது. வெளியே நிற்கும் கப்பல்கள் சும்மா நிற்பதில்லை. விளக்கெரிய, குளிர்பெட்டி ஓட, ஜெனரேட்டர் புகைந்துகொண்டே இருக்கும். மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். அதனால் அந்த வீட்டில் யாரும் வெள்ளை வாங்குவதை விட்டுவிட்டார்கள். அதை ஒரு குறையாகக்கூட யாரும் பேசவில்லை.

ஒரு நாள் காலை, பதினொரு நாளாக வெளியே நின்றுகொண்டிருந்த ஒரு கேப்டன் ரேடியோவில் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பழக்கம்.

"மேடம், ஒரு சந்தேகம். ஏழு நாள் இன்ஜினை முழு மூச்சா ஓட்டி வந்தேன். இங்க வந்து தூங்கறதுக்கா?"

"இடம் இல்லையே கேப்டன்."

"இடம் இருக்காதுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

டவர் அக்கா திரையைப் பார்த்தாள். எந்தக் கப்பல் கரையோரம் எந்த பெர்த்தில் நின்று என்றைக்குச் சரக்கு இறக்கும் என்ற பட்டியல் இரண்டு வாரத்துக்கு அதில் இருந்தது.

"நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

"அப்போ ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"நன்றி மேடம்," என்று வைத்துவிட்டார் கேப்டன். அந்த நன்றி அவளை மூன்று நாள் குடைந்தது.

நான்காம் நாள் மேலதிகாரியிடம் கேட்டாள். நல்ல மனிதர், ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் மட்டும் வியர்க்கும்.

"முன்னாடியே சொல்லிட்டா மெதுவா வருவாங்களே சார். எண்ணெயும் மிச்சம், புகையும் குறையும்."

"யாரும்மா மெதுவா வருவான்? நம்ம எல்லைக்குள்ள எவன் முதல்ல வரானோ அவனுக்குத்தான் முதல் இடம். மெதுவா வந்தா வரிசை போயிடும். அதான் ஓடி வந்து நிக்கறான்."

"அந்த விதியை யார் போட்டது சார்?"

"நாமதான்," என்றார் அவர், கொஞ்சம் யோசித்துவிட்டு.

அந்த வாரம் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. நாத்தனார் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். டவர் அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் போன் செய்தாள்.

"உடனே கிளம்பி வரேன்."

"வராதீங்க அண்ணி. உங்க நம்பர் பதினாலு, இப்போ மூணுதான் ஓடுது. ஏழு மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்."

"முன்னாடியே வந்து உக்காந்தா முன்னாடி விட மாட்டியா?"

"உக்காந்தா முதுகும் சேர்ந்து வலிக்கும். நம்பர் அதேதான். போன் பண்ண நேரந்தான் கணக்கு."

டவர் அக்கா தாடையிலிருந்து கையை எடுத்தாள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த மறுநாள், பேச முடியாததால், ஒரே பக்கத்தில் எழுதினாள். கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே நம்பர் கொடுத்துவிட வேண்டும். எப்போது வந்தாலும் அந்த நம்பர் அதற்குத்தான். அதிகாரி படித்தார், தலையாட்டினார், கோப்பில் வைத்தார். கோப்பு பீரோவுக்குள் போயிற்று.

எட்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கப்பல் புகையைக் குறைக்க உலகம் முழுக்க விதிகள் இறுகுகின்றன, உங்கள் துறைமுகம் என்ன செய்திருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். துறைமுகம் நாற்பது மரக்கன்று நட்டிருந்தது. அதில் முப்பத்தேழின் மேல் லாரிகள் ஏறிவிட்டன. அதிகாரி பீரோவைத் திறந்தார்.

ஆறு கப்பல்களுக்கு மட்டும் சோதனையாக நம்பர் கொடுப்பது என்று முடிவானது. ஐந்து கேப்டன்கள் நம்பரை வாங்கிக்கொண்டு வழக்கம்போல முழு வேகத்தில் கிளம்பினார்கள். நான்காம் நம்பர்க்காரர் மட்டும், "நிஜமாவே இடம் பிடிச்சு வைப்பீங்களா?" என்று கேட்டார். பழைய பதினொரு நாள் கேப்டன்தான்.

"வைப்பேன்," என்றாள். வைக்க முடியுமா என்று அவளுக்குத் தெரியாது.

அவர் ஏழு நாள் பயணத்தை ஒன்பது நாளாக்கினார். இரண்டாம் நாளே கப்பல் கம்பெனியிலிருந்து இன்ஜின் பழுதா என்று டவர் அக்காவுக்குப் போன். ஐந்தாம் நாள் கேப்டனுக்கு உடம்பு சரியில்லையா என்று போன். இரண்டுக்கும் இல்லை என்று சொன்னாள்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை மூன்றாவது பெர்த் காலியானது. நான்காம் நம்பர் சாயங்காலம் நாலு மணிக்கு வர வேண்டும். ஐந்தும் ஆறும் இரண்டு நாளாக வாசலில் நின்றன. பத்து மணிக்கு ஆறாம் நம்பரின் ஏஜென்ட் ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"பெர்த் சும்மா கிடக்குதுக்கா. எங்களை உள்ள விடுங்க."

"நீங்க உள்ள வந்தா சரக்கு இறக்கி முடிக்க மூணு நாள் ஆகும். உங்க நம்பர் ஆறு."

"வராத கப்பலுக்கா இடம் பிடிப்பீங்க?"

"வந்துட்டே இருக்கு."

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி போன் செய்தார். குரலிலேயே வியர்வை தெரிந்தது.

"விட்டுடலாமேம்மா. என்ன நஷ்டம்?"

"இன்னைக்கு விட்டா, சார், இனி ஒருத்தரும் மெதுவா வர மாட்டாங்க. நம்பர் கொடுத்தது நாம."

"வராம போனா?"

"என்னைக் கீழ மாத்திடுங்க. அஞ்சு மாடி ஏறி எனக்கும் முட்டி போச்சு."

ஏஜென்ட் போகவில்லை. அவள் பக்கத்திலேயே நின்று காலி பெர்த்தையே பார்த்தார். இரண்டு மணி வரை திரையில் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். இரண்டே முக்காலுக்கு வடக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வந்தது. ஏஜென்டிடம் பைனாகுலரைக் கொடுத்து, "பாருங்க," என்றாள். அவர் வாங்காமல் இறங்கிப் போனார்.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கப்பல் எங்கும் நிற்காமல் நேராக உள்ளே வந்தது. இப்படி ஒன்றை அந்தக் கோபுரத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா மேடம்?" என்று கேட்டார் கேப்டன்.

ரேடியோவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். நில்லுங்கள் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வசனம் கிடையாது. "வாங்க," என்றாள்.

அந்தப் பயணத்தில் எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமானதாகக் கம்பெனி எழுதியது. அடுத்த ஆறு கப்பலில் நாலு மெதுவாக வந்தன. இரண்டு வருஷத்தில் அது விதியாயிற்று. வெளியே இருபத்துமூன்று கப்பல் நின்ற இடத்தில் இப்போது நாலோ ஐந்தோ நிற்கின்றன. கோபுரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், பார்க்க ஒன்றுமே இல்லையே என்று குறைப்படுகிறார்கள். அதிகாரிக்கு ஒரு கேடயம் கிடைத்தது. புகைப்படத்தில் அதன் வலது ஓரத்தை டவர் அக்கா பிடித்திருக்கிறாள், முகம் பாதி தெரிகிறது.

இப்போது அவளுக்கு வேறு யோசனை. பெர்த்தில் நிற்கும் கப்பலும் ஜெனரேட்டரைப் போட்டுத்தானே புகைக்கிறது, கரையிலிருந்தே மின்சாரம் இழுத்துக் கொடுத்தால் என்ன என்று இன்னொரு பக்கம் எழுதியிருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை அவள் கையில் காகிதத்தோடு வருவதைப் பார்த்த அதிகாரி, பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டார்.